வரைவு

செக்காலை ரோட்டில் பக்கத்துக்கு மூன்று ரூபாய்.
போன் தமிழாக்கித் தந்தது, நாற்பத்தொரு பக்கம்.
அச்செடுத்துக் கொடுத்த பையன்
"டீச்சர், தீவு வாங்கப் போறீங்களா?" என்றான்.
மீதி இரண்டு ரூபாய்க்கு மிட்டாய்.

புதுவயல் பஸ்ஸில் நின்றபடி படித்தேன்.
குடிவரவு விதிகள், திருத்த வரைவு.
கருத்துகள் இருபத்தெட்டாம் தேதி வரை
வரவேற்கப்படுகின்றன.

வரைவு என்றால் என்னவென்று
பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடாவருடம் சொல்கிறேன்.
அகத்திணையில் வரைவு, திருமணம்.
பொருள் தேடுகிறவன்
அதற்கு முன்னும் பிரியலாம், பின்னும் பிரியலாம்.
இரண்டு மதிப்பெண்.
எத்தனை ஆண்டு பிரியலாம் என்று
பாடத்தில் இல்லை.
இந்த வரைவில் இருக்கிறது,
பதினேழாம் பக்கத்தில்:
ஒன்பது.

ஒன்பது முடிந்ததும் ஓராண்டு
தீவுக்கு வெளியே இருந்தாக வேண்டும்.
இதுவரை ஒரு மாதம் போதும்.
சேவுகனுக்கு வருகிற ஆவணியோடு ஒன்பது.

அரிசி ஆலை வந்துவிட்டது,
நெல் அவியும் வாசனையில்
பஸ்ஸே ஒரு நிமிடம் வெந்தது.

சார்ந்தோர் என்று ஒரு பகுதி.
சம்பளம் இவ்வளவுக்குக் குறைந்தால்
சார்ந்தோரை அழைத்துக்கொள்ள இயலாது.
அந்த இவ்வளவை ரூபாயாகப் பெருக்கினேன்,
யாருடைய விடைத்தாளின் பின்பக்கமோ.
கழனிவாசல் மனைக்குத் தவணை
என் சம்பளத்தில் போகிறது.
புயலடித்து விடுதி மூடிக்கிடந்தபோது
அவர் அறை வாடகையும்
இங்கிருந்துதான் போனது, இரண்டு மாதம்.
யார் யாரைச் சார்ந்தோர் என்று
அடிக்குறிப்பில் தேடினேன்.
அடிக்குறிப்பு நாய் பூனை பற்றியது.
வளர்ப்புப் பிராணிகளுக்கு விதி மாறவில்லை.

இரவு பத்தேகால்.
அங்கே பகல் பந்தி தொடங்குமுன்
அவருக்கு ஆறு நிமிடம்.
திரையில் ஒரு காது மட்டும் தெரிந்தது,
பின்னால் மீன் வெட்டும் சத்தம்.
"பாத்தியா?"
"பாத்தேன்."
"அப்ப ஒரு வருசம் அங்கதான்."
அதில் சந்தோஷம் எத்தனை, பயம் எத்தனை,
பதம் பிரிக்க நேரமில்லை.
"வாங்க" என்றேன்.
என் குரலையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.
மிச்ச நான்கு நிமிடம்
தவணையைப் பேசினோம்.

கடைசிப் பக்கம், கருத்துப் படிவம்.
தாங்கள்
தீவில் வசிப்பவர்,
வேலை தருபவர்,
பிற.

பிற என்பது அஃறிணைப் பன்மை.
ஆடு, மாடு, அலை, மழை
எல்லாம் சேர்ந்துகொள்ளலாம்,
நான் முடியாது.
கைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது.
பக்கத்தில் ஒரு ர் போட்டேன்.
பழக்கத்தில் ஓரத்தில்
அரை மதிப்பெண்ணும் குறைத்தேன்.

பிறகு போனைத் திறந்து
உண்மையான படிவத்துக்குப் போனேன்.
கருத்துக்கு இருநூறு எழுத்து இடம்.
"என் கணவர்" என்று அடித்ததும்
மீதி நூற்றுத் தொண்ணூறு என்றது.
ஆறு எழுத்துக்குப் பத்து.
புள்ளி, கொம்பு, இடைவெளி
எல்லாவற்றையும் அந்தத் தீவு
தனித்தனி ஆளாக எண்ணுகிறது.

"என் கணவர்" அழித்தேன்.
"நாங்கள்" என்று
தொடங்கிப் பார்க்கிறேன்.