மீத்தேன் கணக்கு

அந்தச் சொல்லை எடுத்ததும் கூட்டம் எழுந்து நின்றது.
மீத்தேன்.
வயலுக்கடியில் குழாய் இறக்காதே என்று
தார் உருகும் வெயிலில் சாலையில் உட்கார்ந்து
தொண்டை கட்டக் கத்தியவர்கள் நாங்கள்.
தேன் ஒட்டிய சொல்லை
எச்சிலோடு துப்பப் பழகியவர்கள்.
பொறியாளர் இளஞ்சேரன் தண்ணீர் குடித்துவிட்டு
"இது வயலுக்கடியிலேருந்து இல்லைம்மா" என்றார்.
பிறகு எங்கிருந்து என்று சொல்ல
அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மன்னார்குடி, வடக்குக் குடியிருப்பு, நாற்பத்தெட்டு வீடு.
பின்புறம் புதைத்த கலன், பச்சை மூடி,
வீட்டுக்கு வீடு மஞ்சள் குழாய்.
கணக்கு எழுதுவது நான்.

ஆளுக்கு நாளைக்கு முப்பது லிட்டர் வாயு.
கேட்கப் பெரிதாக இருக்கும்.
ஐந்து பேர் வீட்டின் முழு நாள் முயற்சி
அடுப்பில் வைத்தால்
காலை டீ, மாலை டீ.
உலை கொதிக்காது.
ஒரு சிலிண்டர் அளவு சேர
குடும்பமாக ஏழு மாதம் உட்கார்ந்து எழ வேண்டும்.
அமிர்தவல்லிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"அதுக்குத் திங்கிற சோத்துக்கு யாருடி காசு குடுப்பா?"
எழுதிக்கொண்டேன், செலவுப் பக்கம்.

வீரையன் லாரி வைத்திருக்கிறான்.
போன வருஷம் வரை
தொட்டி உறிஞ்ச வீட்டுக்கு ஆயிரத்தைந்நூறு வாங்கி
நடுச்சாமத்தில் விளக்கை அணைத்துப்
பாமணியாற்று வடிகாலில் திறந்துவிட்டுப் போவான்.
இப்போது கலன் வாசலில் நிறுத்தி
லோடுக்கு முந்நூறு கேட்கிறான்.
நேற்று வரை கழிவு. இன்றைக்குச் சரக்கு.
"பழைய சரக்கு, வாயு பாதி செத்திருக்கும்" என்றேன்.
(இளஞ்சேரன் சொல்லித் தந்தது.)
இருநூறில் படிந்தது.

மாடி வீட்டு ஜெயவேலு பங்கு கேட்டு வந்தார்.
தன் வீட்டில் எட்டு உருப்படி,
எதிர் வீட்டில் இரண்டே பேர்,
இரண்டு அடுப்பும் ஒரே அளவு எரிவது என்ன நியாயம்?
தலைக்கட்டுக் கணக்கு வேண்டுமாம்.
வந்து தங்கியிருக்கும் கொழுந்தியாளையும் சேர்த்துத்தான்.

எதிர் வீட்டம்மா தன் குழாயை
இன்னும் திறக்கவே இல்லை.
பாலை அதில் காய்ச்ச மனசு வரவில்லை என்கிறாள்.
நூறு ரூபாய் மட்டும்
ஒன்றாம் தேதி தவறாமல் கட்டிவிடுகிறாள்.

வரவு நாலாயிரத்து எண்ணூறு.
செலவு: வீரையனுக்கு எட்டு லோடு, ஆயிரத்து அறுநூறு.
மோட்டார் கரண்ட், ஆயிரத்து நூறு.
வால்வு பார்க்கும் பையன், மூவாயிரம்.
துண்டு விழுந்தது தொள்ளாயிரம்.
ஒரு சிலிண்டர் விலை, ஏறக்குறைய.

வடிகாலில் இந்த மாதம்
எட்டு லாரி விழவில்லை.
விழாததை எந்தப் பக்கம் எழுதுவது என்று
நகராட்சி ஆடிட்டரைக் கேட்டேன்.
அதற்குப் பத்தி இல்லை என்றார்.

தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள்.
போனஸ், புதுச்சட்டை, ஆட்டுக்கறி.
வீட்டுக்கு இரண்டு பேர் கூட, நாலு நாள்,
படிக்கட்டெல்லாம் செருப்பு.
அடுப்பு அதே அளவுதான் எரிந்தது.
கலனுக்கு அவசரம் தெரியாது.
ஐந்தாம் நாள் பஸ் ஏறிப் போனார்கள்.

போய்ப் பத்து நாள் கழித்து
மீட்டர் ஏறியது.
மூன்று நாள்,
டீ கொதித்தும் தீ நிற்கவில்லை.
அமிர்தவல்லி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள்.
நின்று பார்த்தோம்.
நீலமாக, சத்தமில்லாமல், அது பாட்டுக்கு எரிந்தது.
பிறகு அரிசி களைந்து உலை வைத்தாள்,
ஒரு ஆளுக்கு.

வரவு என்று போட்டுவிட்டேன்.
யாரிடமிருந்து என்ற இடம் காலியாக இருக்கிறது.
வெளியே வீரையன் ஹாரன் அடிக்கிறான்,
இரண்டு லோடு பாக்கியாம்.