திருப்தி

ராத்திரி பத்தரைக்கு ஜீப் வந்தது.
தட்டச்சு தெரிந்தவர்கள் வேண்டுமாம்.
கரோல்பாக் மாடியில் வெக்கை தாளாமல்
ஜன்னலுக்கு ஈரப்புடவை கட்டிக்கொண்டிருந்தவள்
பாதி முடிச்சோடு விட்டுவிட்டுப் போனேன்.

தீஸ் ஹஸாரியில் எல்லா அறையிலும் விளக்கு.
சக்சேனா ஒரு தாளை நீட்டினார்:
இதே மாதிரி இருநூறு. பெயருக்கு இடம் விடு.
எவ்வளவு இடம் என்று கேட்டேன்.
ஓரம் தவறினால் திட்டுபவர் அவர்தான்.
தாளின் மேல் இரண்டு விரலை வைத்துக் காட்டினார்.
ஒரு ஆளுக்கு இரண்டு விரற்கடை.
அவன் அப்பனுக்கும் அதே.

மற்றதெல்லாம் அச்சடித்தாற்போல் ஒன்றுதான்:
இன்னார் மகன் இன்னாரைக் காவலில் வைப்பது
அவசியமென நான் திருப்தி அடைந்துள்ளேன்.
இங்கிலீஷில் இருந்தது.
எங்கள் பக்கம் அது
பாயசம் வரைக்கும் சாப்பிட்டு
இலையை உட்பக்கமாக மடிக்கும்போது சொல்வது.
இருநூறு தடவை அடித்தேன்,
நாலு கார்பன் வைத்து.
விடியும்போது விரல் நுனியெல்லாம் நீலம்.

மாஜிஸ்திரேட் கையெழுத்தை முதலில் போட்டார்.
பெயர்கள் அப்புறம் டெலிபோனில் வந்தன.

மூன்றாம் நாள் பத்திரிகையில் தலையங்கம் இருக்கவேண்டிய இடம்
வெள்ளையாக இருந்தது.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அச்சுப்பிழை என்றார்.
நான் அந்த வெள்ளையை விரலால் அளந்தேன்,
பழக்க தோஷம்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு வசதியாகத்தான் இருந்தது.
பஸ் நேரத்துக்கு வந்தது. பியூன் எழுந்து நின்றான்.
லஞ்ச் முடிந்து எல்லோரும் நாற்காலிக்குத் திரும்பினார்கள்.
மாயவரத்துக்கு அண்ணாவுக்கு எழுதினேன்:
இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.
அதில் ஒரு எழுத்தும் தப்பில்லை.

ஆகஸ்டில் டெலிபோன் சொன்னது:
ப்ரீதம் லால், பால் பூத், தகப்பன் பெயர் தெரியாது.
எங்கள் தெரு பூத்.
நான் எழுந்துவர நேரமானால்
இரண்டு பாட்டிலை ஈரத்துணி போட்டு
ஒதுக்கி வைக்கிறவர்.
சங்கத்துக்குச் சந்தா வசூலித்தாராம்.

என் விரல் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை.
தப்பே வராது என்று சர்ட்டிபிகேட் இருக்கிறது.
அன்றைக்கு ஒரு விரல் தள்ளி அடித்தேன்.
லால், பால் ஆனது.
சக்சேனா பார்க்கவில்லை.
வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

பூத் பத்து நாள் திறந்திருந்தது.
பதினோராம் நாள் பூட்டு.
மாத முடிவில் சிறைப் பட்டியலின் நகல் எங்களுக்கு வரும்.
ப்ரீதம் லால். அதற்கு இரண்டு வரி மேலே
ப்ரீதம் பால், தையல்காரர், ஷாதரா.
என் பிழைக்கும்
இந்த ஊரில் ஒரு ஆள் இருந்திருக்கிறார்.

அவருக்கு எத்தனை பிள்ளைகள்,
யாருடைய ரவிக்கை பாதியில் நின்றது,
எதுவும் தெரியாது.
இரண்டு விரற்கடையில் அதெல்லாம் கொள்ளாது.

பத்தொன்பது மாதம் கழித்து மார்ச்சில்
தெருவெல்லாம் பட்டாசு.
யாரோ என் வாயில் லட்டைத் திணித்தார்கள்.
லால் திரும்பி வந்தார், பல் இரண்டு இல்லாமல்.
தீதி, பாட்டில் எத்தனை என்றார்.
ஒன்று போதும் என்றேன்.
ஷாதராவுக்கு பஸ் உண்டு. நம்பர் தெரியும்.
ஏறியதில்லை.

ஆபீஸில் சக்சேனா மிச்சத் தாள்களைத் தட்டி அடுக்கி
சிவப்பு நாடா கட்டினார்.
கிழித்துவிடலாமே என்றேன்.
நல்ல காகிதம், இருக்கட்டும் என்றார்.

நான் ஓய்வு பெற்ற அன்று
பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலை நானே அடித்தேன்.
தட்டச்சு இயந்திரம் ஒன்று, எஸ் எழுத்து தேய்ந்தது.
இரும்பு பீரோ ஒன்று. சாவி இரண்டு.
படிவங்கள், கையெழுத்திட்டவை, பெயர் நிரப்பாதவை,
பதினேழு.
புதிதாக வந்த பெண் உட்கார்ந்து எண்ணினாள்.
எச்சில் தொட்டு, ஒன்றொன்றாக.
சரியாக இருக்கிறது மேடம் என்று
பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள்.