மஞ்சள்

வைகாசி வெயில். கருப்பூரில் கரண்ட் போய் வந்ததில்
குளிர்பெட்டி மறுபடி முனகத் தொடங்கியது.
மேசைமேல் ஒரு தட்டு, தொண்ணூற்றாறு குழி,
குழிக்கொரு துளி, சுண்டெலி ரத்தத்தின் தெளிவு.

பிளேக் கிருமி இங்கே இல்லை,
அம்மாவிடம் நூறு முறை சொல்லியாயிற்று.
அதன் சட்டையிலிருந்து ஒரு பொத்தான்,
இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவி,
வந்திருப்பது அவ்வளவுதான்.
சாதுவான வேறொரு கிருமிக்குள் வளர்த்தெடுத்த
எட்டுப் புரதங்கள்.

அந்தக் கிருமிக்கும் ஓர் ஊசி உண்டு.
நம் செல்லோடு ஒட்டி நின்று
குத்தும்,
காவல்காரனைக் கிறங்கவைப்பதை உள்ளே ஏற்றும்.
நமக்கு வெகுகாலம் முன்பே
அது ஊசி போடக் கற்றுவிட்டது.
ஐந்தாம் எண், அந்த ஊசியின் ஒரு துண்டு.
நான் நம்பியது அதைத்தான்.

கரியராமன் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி
கூண்டுக்கு உமி மாற்றுவார்.
எலிக்கு எண் மட்டும்தான், பெயர் ஆகாது.
ஆனாலும் இருபத்திரண்டை
அவர் "ஏ மொளகு" என்றுதான் கூப்பிடுவார்.
ரத்தம் எடுக்கும் நாளில் மட்டும்
டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒன்று முதல் நான்கு வரை கழுநீர் போல் வெளுத்துக் கிடந்தன.
ஐந்தாம் வரிசை முதலில் நீலம்,
அமிலம் விட்டதும்
மஞ்சள்.
பன்னிரண்டு குழியும் மஞ்சள்!
இர்ஷத் கையுறையோடு கைதட்டினான்.
ஐந்து ரோட்டில் அன்றைக்கு
எல்லோருக்கும் என் கணக்கில் தட்டுவடை செட்,
பூண்டுக் காரம் கூடுதலாக.

உண்மைக் கிருமி இருக்கும் இடம் வேறு ஊர்.
கதவுக்குள் கதவு, அதற்குள் கதவு.
எங்கள் ஐந்தாம் எண்
ஐஸ் பெட்டியில் ஏறிப் போனது, நாங்கள் போக முடியாது.
ஆடியில் பதில் வந்தது, இரண்டு வரி:
ஆன்டிபாடி மிக நன்று.
பிழைத்தவை, பத்தில் ஒன்று.

திரும்பும் பஸ் கோட்டை மாரியம்மன் கூட்டத்தில் நின்றுவிட்டது.
மஞ்சள் புடவை, மஞ்சள் தண்ணீர்,
டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் மணிக்கட்டில்
மஞ்சள் நூல்.
காப்புக் கட்டியிருக்கிறார்.

எனக்கு மஞ்சள் வந்தது.
காப்புத்தான் வரவில்லை.

"பிளேக்கெல்லாம் இப்ப யாருக்கும்மா வருது?"
பக்கத்து சீட்டில் கேட்டவருக்கு
என்ன சொன்னேன் என்று நினைவில்லை.
நாளை ஆறாம் எண்ணைக் கரைக்க வேண்டும்,
உப்புக் கரைசல் தீர்ந்திருக்கிறது.

பிழைத்த அந்த ஒன்றை
மூன்று கதவுக்கு உள்ளே
யாராவது ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருப்பார்களா?