பதினாறில் ஒரு பங்கு

1950, ஆகஸ்ட். கம்பர்லாந்துக் கடலோரம்.
ஐரிஷ் கடலின் உப்புக்காற்று
தகரக் கூரையை உலுக்குகிற கொட்டகையில்
மேவிஸ் டைசன் அலுமினியம் நறுக்குகிறாள்.

ஓரடி நீள உருளை. உள்ளே யுரேனியம்.
வெளியே நீளவாக்கில் மெல்லிய விலாக்கள்.
ஒவ்வொரு விலாவின் ஓரத்திலும்
அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு
போக வேண்டும்.
ஏன் என்று கேட்கக் கூடாது.
அதற்குத் தனியாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் அவள் தம்பியிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது.
அந்த இன்ஜினுக்கும் இப்படித்தான் விலாக்கள்:
காற்று தடவிப் போக இடம் கூடுதல்,
சூடு சீக்கிரம் இறங்கும்.
அப்படியானால் இதை வெட்ட வெட்டச்
சூடு ஏறத்தானே செய்யும்?

கேட்டேவிட்டாள்.

பிக்கர்ஸ்கில்லுக்கு இருபத்து மூன்று வயது.
"கொஞ்சம் ஏறும்" என்றான்.
"உலோகம் கூடிப்போனால் தீயே பிடிக்காது, மிஸஸ் டைசன்.
ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய வேண்டியதை
இந்த அலுமினியம்
நடுவழியிலேயே தின்றுவிடுகிறது."
சொன்ன பிறகுதான் கதவைப் பார்த்தான்.
அன்று மாலைவரை அவள் மேசைப் பக்கமே வரவில்லை.

சூடு தணிக்க வைத்ததே
தீ மூளவிடாமல் தடுக்கிறதாம்.
எவ்வளவு வெட்டினால் மூளும்,
எவ்வளவு வெட்டினால் உருகும்,
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம்?
சனிக்கிழமை கடைக்காரர் ஃபியரன்
ரேஷன் புத்தகத்திலிருந்து மிட்டாய்க் கூப்பனைக் கத்தரித்தபோது
அவள் தராசைப் பார்க்கவில்லை,
கத்தரிக்கோலின் நுனியையே பார்த்தாள்.

மூன்று வாரம்.
எண்ணுவதை இரண்டாம் வாரமே விட்டுவிட்டாள்.
உலோகச் சுருள்கள் காலுறையில், தலைமுடியில்.
ஒருநாள் கணவனின் தேநீரில் ஒன்று மிதந்தது.
எக்ரிமான்ட் இரும்புச் சுரங்கத்துக்காரன்,
விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து,
"அரசாங்க ரகசியம் ரொம்ப லேசாக இருக்கே" என்றான்.
சிரித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு மாலை
நிலக்கரி எடுக்கக் கொல்லைக்குப் போனவள்
நிமிர்ந்து பார்த்தாள்.
பெரிய புகைபோக்கியில் புகை இல்லை.
அதன் வாய்க்கு மேலே
வானம் மட்டும் லேசாக நெளிந்தது.

மூண்டுவிட்டது.
அத்தனை சூடும் யாருக்கும் வேண்டாமல்
மேலே போய்க்கொண்டிருந்தது,
மேகங்களுக்கும் கடற்பறவைகளுக்கும்.

உள்ளே வந்தாள்.
கணப்பில் இரண்டு கட்டி போட்டாள்.
மூன்றாவதைச் சற்று நேரம்
கையிலேயே வைத்திருந்துவிட்டு
வாளியில் திரும்ப வைத்தாள்.