துளையிட்ட சீட்டு

என் இடது கன்னம்
வலது கன்னத்தைவிடப் பத்து வயது மூத்தது.
மொந்தேவிதேயோவில்
பேருந்து ஓட்டுபவளுக்கு ஜன்னல் இடப்பக்கம்.
முப்பத்தொரு வருடம்
குன்றடியிலிருந்து கடற்கரைச் சாலை வரை
அந்தக் கண்ணாடி வழியே ஏறிய வெயில்
டிக்கெட் எடுக்காமலே
என் கன்னத்தில் உட்கார்ந்து வந்தது.

கண்ணாடி பார்த்தால் நான் இரண்டு சகோதரிகள்.
புகைப்படத்துக்கு இளையவளைத்தான் திருப்புவேன்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம்
மருத்துவமனைச் சுவரில் ஒரு தாள்:
தோல் ஆய்வுக்கு ஆட்கள் தேவை.
அறுபது கடந்திருக்க வேண்டும்.
உடற்பயிற்சிப் பழக்கம் இருக்கக் கூடாது.
வாழ்நாளில் முதல்முறையாக
ஒரு வேலைக்கு எல்லாத் தகுதியும் எனக்கிருந்தது.
நெலிதா பெந்தாங்கோர் என்று
கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கன்னத்தை நீட்டினேன்.
தாதி ஒதீலியா சிரித்தாள்.
"அது வெயில் எழுதிய தாள், அதில் எங்களுக்கு இடமில்லை.
வெயிலே பார்க்காத தோல் வேண்டும், அம்மா.
திரும்பிப் படுங்கள்."
அப்படியாக,
முப்பத்தொரு வருடம் இருக்கையைத் தேய்த்த இடத்திலிருந்து
ஒரு மிளகளவு எடுத்தார்கள்.
கருவி,
அந்தக் காலத்து நடத்துநர் சீட்டில் துளை போடுவாரே,
ஏறக்குறைய அதேதான்.

பிறகு நிலவறையில் சைக்கிள்.
வாரம் இரண்டு நாள், அரை மணி.
எங்கும் போகாத சைக்கிள்.
அதில் ஏறிய அன்றுதான் உறைத்தது:
ஊர் முழுக்க நகர்ந்தேன் அத்தனை வருடம்,
அசையவேயில்லை.
இப்போது அசைகிறேன்,
ஓரங்குலம் நகரவில்லை.

பக்கத்துச் சைக்கிளில் வாஷிங்டன் ஒலிவேரா,
வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணியவர்.
நாலாம் நிமிடத்தில் கடவுளைத் திட்டுவார்,
பத்தாம் நிமிடத்தில் வங்கியை.
பதினைந்துக்குப் பிறகு பேச்சே வராது.
எனக்குத் தொடை தீப்பிடிக்கும்.
வியர்வை இரண்டு கன்னத்திலும்
ஒரே அளவாய் இறங்கும்.
அது பாரபட்சம் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் துளை,
முதல் துளைக்கு ஒரு விரல் தள்ளி.

மருத்துவர் இரண்டு படங்களை அருகருகே வைத்தார்.
ஊதாவும் ரோஜா நிறமுமாய்
யாரோ தையல் கற்றுக்கொண்ட துணிபோல் இருந்தது.
"மேலே இந்தத் தடித்த ஓடு சற்று மெலிந்திருக்கிறது.
கீழே, தாங்கிப் பிடிக்கிற அடித்தோல்
சற்றுக் கனத்திருக்கிறது.
உங்கள் வயதுக்கு நல்ல செய்தி.
ஆனால் பதினாறு பேரை வைத்து
உலகத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.
அப்புறம், தொப்பி போடுங்கள்.
வெயில் போட்ட கணக்கைச் சைக்கிள் தீர்க்காது."

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன்.
அதே இரண்டு சகோதரிகள்.
கொஞ்சம் கோபம்தான்.
இத்தனை மிதித்து
கிடைத்த இளமையைக் கொண்டுபோய்
யாருக்கும் காட்ட முடியாத இடத்தில் வைத்திருக்கிறதே உடம்பு!
அப்புறம் தனியாக,
அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை சிரித்தேன்.

வாஷிங்டனின் தோலில் பெரிய மாற்றம் இல்லையாம்.
ஆய்வு முடிந்த மறுவாரமும் வந்து நின்றார்.
கேட்டதற்கு,
மூன்றாம் மாடி வரை நிற்காமல் ஏறினாராம்,
சாவியைத் தேடும்போதும் மூச்சு இருந்ததாம்.
நிலவறையைப் பூட்டிவிட்டார்கள்.
இருவரும் பழைய சைக்கிள் வாங்கினோம்.
அவருடையதற்கு மணி இல்லை, திட்டுதான்.

இப்போது காலை ஏழு மணி, கரையோரச் சாலை.
ஆறென்றும் கடலென்றும் ஊர் இன்னும் முடிவு செய்யாத
அந்தப் பழுப்பு நீர்மேல்
காற்று திரை திரையாய் மடிக்கிறது.
முகச் சுருக்கமும் திரை, அலையும் திரை.
நீரை யாரும் கிழவி என்பதில்லை,
அது நிற்பதில்லை, அதனால் இருக்கலாம்.

தொப்பி போட்டிருக்கிறேன்.
என் பழைய தடத்துப் பேருந்து ஹாரன் அடித்துக் கடக்கிறது.
கையசைக்கத் திரும்புகிறேன்,
இடது கன்னம் முழுசாய்த் தெரிய.
இருக்கையில்,
யாருக்கும் தெரியாத இரண்டு துளைகளோடு
என் சீட்டு.
சோதிக்க வருபவர் வரட்டும்.
இன்னும் இறங்கும் இடம் வரவில்லை.