அட்டையில் எழுதிய பெயர்

விமான நிலையத்தில் அட்டையைப் பிடித்து நின்றது நான்தான்.
மேலே நிறுவனத்தின் பெயர், தண்டையார்பேட்டை,
கீழே ஸ்கெட்ச் பேனாவில் அவள் பெயர்.
ஃபாரின் வாலண்டியர் வர்றாங்க,
மாலை வாங்கு, மறக்காம பில்லும் வாங்கு
என்றிருந்தார் முதல்வர்.
அவள் நேராக என்னிடம்தான் வந்தாள்.
நான் கொஞ்சம் நகர்ந்து
அவளுக்குப் பின்னால் பார்த்தேன்.

அது ஜூனில்.

இப்போது வருகைப் பதிவேட்டில் பதினான்காவது வரியில்
தமிழில் கையெழுத்திடுகிறாள் தோகோசானி சிர்வா.
கொம்பை எழுத்துக்கு அந்தப் பக்கம் போடுகிறாள்.
திருத்தப் பேனாவை எடுப்பேன், பிறகு விட்டுவிடுவேன்.
மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு
முழுப் பெயர் வாயில் நிற்கவில்லை.
தோகை மிஸ் என்றாக்கிவிட்டார்கள்.

காலை ஐந்தரைக்கு லாரி வரும்.
வரிசையில் ஒன்பதாவதாக அவளுடைய நீலக் குடம்,
மூடியில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு.
அவள் ஊர்ப் பேச்சில் தண்ணீருக்கு மட்ஸி.
லாரி முனை திரும்பினால்
ஷகிலா வீட்டு வாண்டுகள்
மட்ஸி மட்ஸி என்று தெருவையே எழுப்புகின்றன.
லாரிக்காரருக்கும் அதுதான் இப்போது பெயர்.

வகுப்பில் துணைக்கருவி தயாரித்தல்.
மாணவிகள் பாரிமுனை போய்
தெர்மாகோலும் ஜிகினாவும் வாங்கி வந்தார்கள்.
இவள் பன்னீர் சோடாக் கடை வாசலில் குனிந்து
பொறுக்கிய மூடிகளைத் துப்பட்டாவில் கட்டி வந்து
மேசையில் கொட்டினாள்.
நூற்று நாற்பத்து மூன்று.
பத்துப் பத்தாகக் குவித்தாள், மிச்சம் மூன்று.
எங்கள் கல்லூரியில் சாக்பீஸ் ஒரு பெட்டி வந்தால்
அன்று திருநாள் என்றாள்.
ஸ்மார்ட் போர்டு மூலையில் உறை போட்டு நிற்கிறது.
அதன் ஒயரை எலி கடித்து ஒரு வருஷமாகிறது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

நல்லவள் என்று மட்டும் எழுதினால் பொய்.
கேரம் போர்டில் கள்ளாட்டம் ஆடுவாள்.
சாம்பாரைக் கண்டால் முகம் சுளிப்பாள்.
உதவித்தொகை மூன்று வாரம் தாமதமானபோது
கணக்காளர் மேசையில் அவள் தட்டிய தட்டு
மாடிவரைக்கும் கேட்டது.
மணலிப் பக்கக் காற்று வந்தால்
இரவெல்லாம் இருமுவாள்,
காலையில் என்னைத் திட்டுவாள்,
நான்தான் தொழிற்சாலை வைத்தது மாதிரி.

காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு பார்த்த அன்று
நடுச்சந்தையில் நின்று அழுதாள்.
ஏரி மீன், எங்கள் ஏரி மீன் இது என்றாள்.
இது கடல் மீன் என்று விற்றவள் சண்டைக்கு வர,
நான் இரண்டு பேருக்கும் நடுவில்.
ராத்திரி மக்காச்சோள மாவைக் கிண்டி
அந்தக் கருவாட்டைத் தொட்டுக்கொண்டு தின்றோம்.
களிதானே என்றேன்.
களி இல்லை என்றாள், கோபமாக.
களிதான்.

கொருக்குப்பேட்டையில் ரயில் நின்ற ஒரு சாயங்காலம்
கம்பியைப் பிடித்த அவள் கை பக்கத்தில் என் கை.
எது எதுவென்று
வளையலை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.
என் அம்மா எனக்குப் பூசிய கிரீம்களின் பெயரெல்லாம்
வரிசையாக ஞாபகம் வந்தது.
ஒன்றையும் சொல்லவில்லை.

மார்ச்சில் போகிறாள்.
பதிவேட்டில் அந்த வரிக்கு
இன்னும் பத்து நாள் கட்டம் இருக்கிறது.

இன்று லாரி தாமதம்.
குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தவள்
கேட்டாள், தமிழிலேயே,
எத்தனை நாள் கூட்டி வைத்திருந்தாளோ:
அன்னிக்கு ஏர்போர்ட்ல
எனக்குப் பின்னாடி யாரைத் தேடினே?

தெருமுனையில் பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிட்டன.
அவள் எழுந்து குடத்தை நிமிர்த்தினாள்.
நான் இன்னும் உட்கார்ந்திருந்தேன்.
வரிசை என்னைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது.