மெர்ரி ஓடை, காலை ஏழு மணி

மகள் எழுவதற்குள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிடுவேன்.
மருமகனின் குளிர்கோட்டு எனக்கு முழங்கால்வரை.
அதன் பையில் சாவி, முகவரி எழுதிய துண்டுச்சீட்டு;
தொலைந்துபோவேன் என்று இன்னும் நம்புகிறார்கள்.

ஓடை ஒன்றும் பெரிதில்லை.
நேற்றைய மழையில் காபி நிறம்.
கிளையில் சிக்கிய நீலச் செருப்பு
பதினோரு நாளாக அங்கேயே.
அதைப் பார்த்துவிட்டால் பாதி தூரம்.

சைக்கிள்காரர்கள் தலைக்கவசத்தில்
முள் முள்ளாய்ச் செருகியிருப்பது
அலங்காரம் என்றுதான் நினைத்தேன்,
மேக்பை ஒன்று என் உச்சியில்
கொத்திவிட்டுப் போகும்வரை.

பாலத்தடியில் ஸ்தாவ்ரூலா
கத்தியும் பையுமாய்க் கீரை அறுக்கிறாள்.
எனக்குக் கிரேக்கம் வராது, அவளுக்குத் தமிழ்.
பெயரை மட்டும்
நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொண்டோம்.
இன்று ஒரு கொத்தைக் கசக்கி
என் மூக்கடியில் நீட்டினாள்.
சோம்பு!
கத்தியே சொல்லிவிட்டேன்.
"சொம்பு," என்றாள் அவளும், அழுத்தமாய்.
திருத்தத் திருத்தப்
பாத்திரமாகவே திரும்பி வந்தது.
நாங்கள் சிரித்ததில்
வாத்துகள் அக்கரைக்குப் போய்விட்டன.

விசா இன்னும் நாற்பது நாள்.

"எங்கம்மா இவ்வளவு நேரம்?"
சொம்பு வாங்க, என்றேன்,
கோட்டுப் பைக்குள் இலையைத் தடவியபடி.